கப்பல் ஏறிய காடு: வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலில் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊரில் 23 வருடமாக வரலாறு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை நான். அடுத்த பாடநூல் வேலை தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். சோழர், பாண்டியர் காலக் கடல் வணிகம் என்ற பாடத்தைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் கப்பல்கள் சுமத்ரா வரை, சீனா வரை போய் வந்தன என்று சொன்னால் கண்ணை அகல விரித்துக் கேட்பார்கள். நானும் உற்சாகத்தோடு கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் ஏற்றுமதி, மறுபக்கம் இறக்குமதி என்று எழுதுவேன். முத்து, தந்தம், மிளகு, சந்தனம், துணி, இரும்பு. அந்தப் பக்கம் குதிரை, கற்பூரம், பட்டு, கண்ணாடி, பீங்கான். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் அதையே திருப்பி எழுதுவார்கள். இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர்.

"டீச்சர், கற்பூரம் எதுல இருந்து எடுப்பாங்க?"

"மரத்துல இருந்து."

"பால் மாதிரி வடிப்பாங்களா, இல்ல மரத்தை வெட்டணுமா?"

"அந்தக் கற்பூரத்துக்கு மரத்தை வெட்டித்தான் ஆகணும்."

"அப்ப அந்த மரமெல்லாம் என்ன ஆச்சு டீச்சர்?"

கரும்பலகையில் நான் எழுதி வைத்திருந்தது முழுக்கப் பொருள்களின் பெயர்தான். ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வெட்டியோ, வேட்டையாடியோ, தோண்டியோ எடுத்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சங்கு எடுக்க அப்பா வருடத்துக்கு வருடம் இன்னும் ஆழத்துக்குப் போவதை வீட்டில் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது. அதன்பின் விடுமுறை நாளெல்லாம் இதைப் பற்றித்தான் படித்தேன். படித்ததில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் பலருக்கு இவை தெரிந்தவையாகவே இருக்கும். அவை பாடத்தில் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கற்பூரத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்றொரு ஊர் இருக்கிறது. அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. அதில் ஊரின் பெயர் வாரோசு என்று வருகிறது. கல்வெட்டை வெட்டுவித்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினர். அங்கு வரும் கப்பலைச் சேர்ந்தவர்கள் கஸ்தூரி விலைக்கு ஈடாகப் பொன்னில் தீர்வை செலுத்த வேண்டும் என்று அதில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம், அந்த ஊருக்கு நம் ஆட்கள் எதற்காகப் போனார்கள் என்ற இடத்தில் நின்றுவிடுகிறோம். பாரூஸில் அவர்களுக்கு வேண்டியிருந்தது முதன்மையாகக் கற்பூரம்.

இன்று நாம் கடையில் வாங்கிக் கொளுத்துகிற சூடம் வேறு. பாரூஸ் கற்பூரம் சுமத்ரா, மலேயா, போர்னியோ காடுகளில் மட்டும் வளரும் ஒரு பெருமரத்தில் விளைவது. அந்த மரம் 60 மீட்டருக்கு மேலேகூட வளரும், தஞ்சைப் பெரிய கோயில் விமான உயரத்துக்கு என்று வகுப்பில் சொல்வேன். மரத்தின் உள்ளே, வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உள்ள வெடிப்புகளில் கற்பூரம் பளிங்குபோலப் படிந்திருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. வெளியே நின்று பார்த்து எந்த மரத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதனால் மரத்தைச் சாய்த்து, துண்டு துண்டாக அறுத்து, பிளந்து பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் அடுத்த மரம். இப்படிப் பல மரம் சாய்ந்தால்தான் ஒரு சிறு பெட்டி நிறையும். கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகிற மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனிப் பேச்சே வைத்திருந்தார்கள். வழக்கமான சொற்களைப் பேசினால் மரம் கற்பூரத்தை மறைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அவர்களுக்கு அந்த மரத்தின் மேல் அவ்வளவு பயமும் மரியாதையும் இருந்திருக்கிறது. பொன்னுக்கு நிகராகக் கற்பூரம் விற்ற அங்காடிக்கு அந்தப் பயம் வந்து சேரவில்லை. 1292 வாக்கில் சுமத்ராவில் மாதக்கணக்கில் தங்கியிருந்த மார்க்கோ போலோ, பாரூஸ் பக்கத்துக் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றது என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் கற்பூரம்தான் நம் கோயில் பூசைக்கும், அரசர் தாம்பூலத்துக்கும், சந்தனக் குழம்புக்கும் வந்தது. கல்வெட்டில் தீர்வைக்கு அளவுகோலாக வைத்த கஸ்தூரியின் கதையும் இதேதான். கஸ்தூரி மானின் ஆணுக்கு மட்டும் அடிவயிற்றில் ஒரு சிறு பை உண்டு. மானைக் கொன்று அந்தப் பையை அறுத்தெடுப்பார்கள். ஒரு மானுக்குக் கிடைப்பது சில பத்து கிராம்தான். பொறியில் விழுவது பெண்ணும் குட்டியுமாகவும் இருக்கும், அவை வீணாகச் சாகும். இமயமலைப் பக்கத்து மான் ஒன்றின் வாசனைப் பையை வைத்து, சுமத்ரா கடற்கரையில், தமிழ்க் கல்வெட்டில், பொன்னைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து உலகம் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடந்தது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

இந்தோனேசியாவில் இன்றும் துணிக்கு நடுவே பூச்சி வராமல் வைக்கிற உருண்டையைக் 'காப்பூர் பாரூஸ்' என்றுதான் சொல்கிறார்கள். மரமோ அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இதற்கு நம் ஐந்நூற்றுவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கடந்த நூறு வருடத்தில் மரத்துக்காகவும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காகவும் காட்டை மொட்டையடித்ததுதான் பெருங்கேடு. ஆனால் எங்கோ இருப்பவர்கள் விலை கொடுத்தால் இங்கே ஒரு மரத்தைத் தேடித் தேடிச் சாய்க்கலாம் என்ற பழக்கம் நேற்று வந்ததில்லை. அதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, சீனாவுக்குப் போன தூதுக் குழுக்கள். 1015, 1033, 1077 என்று மூன்று முறை சோழ நாட்டுத் தூதர்கள் சோங் அரசவைக்குப் போனதை எல்லாரும் சொல்கிறோம். அவர்கள் கொண்டுபோன பொருள்களைச் சீனர்கள் கணக்கெடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் குழு, முதலாம் இராஜராஜன் பெயரால் கொண்டுபோனதில் 60 யானைத் தந்தமும், சீன அவுன்சுக் கணக்கில் 21,000-க்கு மேல் முத்தும் இருந்தன. 1077இல் போன குழுவில் 72 பேர். அவர்கள் கொண்டுபோனது கற்பூரம், காண்டாமிருகக் கொம்பு, தந்தம், சாம்பிராணி, பன்னீர், பெருங்காயம், வெண்காரம், கிராம்பு இன்னும் பல. பதிலுக்கு 81,800 கோவை செப்புக் காசு பெற்று வந்தார்கள்.

60 தந்தம் என்ற எண்ணை ஒருநாள் வகுப்பில் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். ஆசிய யானையில் ஆணுக்குத்தான் பெரிய தந்தம். அப்படியானால் ஒரே ஒரு காணிக்கைக்குக் குறைந்தது 30 கொம்பன் யானை. ஒரு பையன் எழுந்து, "30 யானை செத்தா, காட்டுல மிச்சம் இருந்த பெண் யானைக்கெல்லாம் ஜோடி?" என்று கேட்டான். கொம்பனைத் தேர்ந்து தேர்ந்து கொன்றால் கொம்பில்லாத மக்னாக்கள் பெருகுவதைப் பற்றி உயிரியல் ஆசிரியர் பிறகு அவர்களுக்குச் சொன்னார். வரலாற்று வகுப்பில் தொடங்கிய பேச்சு உயிரியல் வகுப்பில் போய் நின்றது. என் பணிக்காலத்தில் நடந்த நல்ல விஷயங்களில் இதுவும் ஒன்று.

பட்டியலில் உள்ள காண்டாமிருகத்தையும் கிராம்பையும் பாருங்கள். இரண்டும் சோழ நாட்டில் இல்லை. சாம்பிராணி மரமும் இல்லை. வேறொரு கரையில் வாங்கி, மற்றொரு கரையில் விற்ற சரக்கு அவை. கிழக்கு ஆப்பிரிக்கத் தந்தம் ஓமன் வழியாக இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்விடுகிறது, இல்லாவிட்டால் நம் நாடுகளில் தந்தம் நிறையக் கிடைத்திருக்கும் என்று 10ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் காரரான அல் மசூதி எழுதியிருக்கிறார். கொல்கிறவர் ஒரு கடற்கரையில், சுமக்கிறவர் இன்னொரு கடற்கரையில், அணிகிறவர் மூன்றாவது கடற்கரையில். வாங்குகிறவர் கண்ணில் வெட்டிய அடிமரம் ஒருநாளும் பட்டதில்லை. தூரத்து வணிகத்தின் தன்மையே இதுதான் என்று எனக்குப் படுகிறது. உள்ளூர்ச் சந்தைக்குப் போகிற விறகு குறைந்தால் ஊரே பேசும். கடல் கடந்து போவது குறைந்தால், வணிகர் வேறு கரைக்குக் கப்பலைத் திருப்பிக்கொள்வார்.

சீனாவின் சுவான்சூ துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1974இல் சேற்றுக்குள்ளிருந்து 13ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயில் சிற்பங்களும் கிடைத்த அதே ஊர். அந்தக் கப்பலின் சரக்கில் பெரும்பங்கு வாசனை மரக்கட்டைகள், இரண்டு டன்னுக்கும் மேலே. சந்தனம், அகில் எல்லாம் அதில் உண்டு. கூடவே மிளகு, ஆமை ஓடு, சோழி, திமிங்கிலத்தில் இருந்து கிடைக்கும் அம்பர் என்ற வாசனைப் பொருள். இது ஒரே ஒரு கப்பல், மூழ்கியதால் நம் கண்ணுக்குக் கிடைத்த கப்பல்.

சோழி என்றதும் மாலத்தீவு நினைவுக்கு வருகிறது. இராஜராஜன் மெய்க்கீர்த்தியில் முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் என்று வருவதை மனப்பாடமாக ஒப்பிக்க வைக்கிறோம். அந்தத் தீவுகளின் பெருஞ்செல்வம் சோழி. 1343 வாக்கில் அங்கே போன இபின் பதூதா, உயிரோடு இருக்கும் சோழிகளைக் கடலில் அள்ளி வந்து கரையில் குழி தோண்டிப் போட்டு, சதை அழுகியபின் வெறும் ஓட்டை எடுப்பார்கள் என்று சொல்கிறார். ஒரு பொற்காசுக்கு 4 லட்சம் சோழி, சில சமயம் 12 லட்சம்கூட! அரிசி கொண்டுவரும் வங்காளத்தாருக்கு அதைக் கொடுத்தார்கள். அதே பயணி பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பொற்காசுக்கு 1,150 சோழி என்று மாற்றுவதைக் கண்டார். இங்கே லட்சக்கணக்கில் அள்ளினால்தான் ஒரு காசு, அங்கே ஆயிரத்துச் சொச்சத்துக்கே ஒரு காசு. எல்லா லாபமும் தூரத்தில் இருந்தது. பல்லாங்குழி ஆடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். கையில் இருந்த சோழியை அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

எங்கள் கடலுக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் நெருக்கமான பகுதி, எனக்கும்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி கிடக்கிற இடத்தைப் 'பார்' என்போம். சிப்பி முற்றிய வருடம் பார்த்து முத்துக்குளிப்பு நடக்கும், அதற்குச் சலாபம் என்று பெயர். மார்க்கோ போலோ பாண்டியர் துறைமுகமான காயலுக்கு வந்த காலத்தில் ஏப்ரலில் தொடங்கி மே நடுவோடு முடியும் என்று எழுதியிருக்கிறார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு. அந்த மந்திரக்காரரை எங்கள் பக்கம் கடல்கட்டி என்பார்கள். அள்ளிய சிப்பியைக் கரையில் குவித்து அழுக விட்டு, பிறகு அலசி முத்து பொறுக்குவார்கள். மிகப் பெரும்பாலான சிப்பியில் விலைபோகும் முத்து இருக்காது. சீன அரசவைக்குப் போன அந்த 21,000 அவுன்சு முத்துக்கு எவ்வளவு சிப்பி அழுகியிருக்கும் என்று கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்த வாடையை அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள்.

ஆனாலும் இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முத்தைப் பொறுத்தவரை, பழைய வணிகம் பாரை அழித்துவிடவில்லை. கொற்கை முத்து என்று சங்ககாலத்தில் பெயர் வாங்கிய கடலில் அதற்கு ஆயிரம் வருடம் கழித்தும் முத்து எடுத்தார்கள், அதற்குப் பிறகும் எடுத்தார்கள். வருடா வருடம் சலாபம் நடக்காததுதான் காரணம். சில சமயம் சிப்பி தானாகவே பல வருடம் காணாமல் போகும். இளஞ்சிப்பியாக இருந்தால் காத்திருப்பார்கள். அப்படிக் கடலுக்கு ஓய்வு கிடைத்தது. அதன்பின் 1905இல் இலங்கைப் பக்கம் ஒரே சலாபத்தில் 8 கோடிக்கும் மேலே சிப்பி அள்ளினார்கள், சில வருடத்திலேயே அந்தப் பக்கம் பெரிய சலாபங்கள் ஓய்ந்துபோயின. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். இன்று என் மாணவர்களில் ஒருவர்கூட முத்துக்குளிப்பைப் பார்த்தவரில்லை, அவர்கள் தாத்தாக்கள்தான் பார்த்தவர்கள். அழிக்காமல் எடுத்த காலமும் வணிகத்தில் உண்டு, அழித்து எடுத்த காலமும் உண்டு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்?

இரும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்திய, இலங்கை உருக்கில் செய்த வாளுக்கு அரபு நாடுகளில் பெரிய மதிப்பு. 9ஆம் நூற்றாண்டில் அல் கிந்தி சரந்தீப் உருக்கை, அதாவது இலங்கை உருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார். இலங்கையின் சமனலவெவ பகுதியில், பருவக்காற்று நேரே மோதுகிற மலைச்சரிவில் வரிசையாக உலை கட்டி, துருத்தி இல்லாமல் காற்றின் விசையிலேயே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் இருந்து 11ஆம் நூற்றாண்டு வரை அது நடந்தது. எவ்வளவு பெரிய அறிவு! அந்த உலைக்குத் தீனி அடுப்புக்கரி, கரிக்கு மரம். தமிழ்நாட்டில் மேல்சிறுவளூர் பக்கமும் உருக்கு காய்ச்சிய மூசைகள், அதாவது மண் குடுவைகள், கிடைத்திருக்கின்றன. மூசைக்குள் இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து மூடிக் காய்ச்சுவார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் சேலம் பக்கம் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வாளின் கூர்மையைப் படிக்கிற பிள்ளை, அந்த வாளுக்குள் ஒரு காட்டின் கரியும் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

வணிகம் இங்கிருந்து எடுத்துப் போனது போலவே இங்கே கொண்டுவந்ததும் உண்டு. குதிரையை விட்டுவிடலாம், அது தெரிந்த கதை. பாண்டியன் வருடத்துக்கு 2,000-க்கு மேல் வாங்கினான், வருடக் கடைசியில் 100கூட உயிரோடு இருக்கவில்லை, குதிரையைப் பராமரிக்க இங்கே யாருக்கும் தெரியவில்லை என்று மார்க்கோ போலோ சொல்வது போதும். எனக்குப் பிடித்தது பெருக்க மரம். இலங்கையின் மன்னார் பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் நிற்கிறது, அடிமரச் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். இங்கே நாம் பொந்தன்புளி, யானைப்புளி என்று சொல்லுவோம். ஆப்பிரிக்க மரம் அது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள். நம் பக்கமும் பழைய துறைமுகங்களை ஒட்டி ஆங்காங்கே நிற்கிறது. கல்வெட்டைப்போல அதுவும் வரலாற்றுச் சான்றுதான், பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று. பாடநூலில் அதன் படம் ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நல்லதும் செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமில்லாதவள். தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் தோண்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலானவர் பாதுகாப்பில் விட்டதை அது சொல்கிறது. கடல் கடந்து போன இடத்திலும் நம் ஆட்களுக்கு முதலில் குளம் வெட்டத் தோன்றியிருக்கிறது. குளத்தைப் பேணியவர்களும் கற்பூரக் காட்டைத் தேடிப்போனவர்களும் ஒரே வணிக மரபில் வந்தவர்கள்தான். தகுவாபா கல்வெட்டையும் பாரூஸ் கல்வெட்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்தால், மீதியைப் பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

உங்களில் சிலர் இரண்டு மறுப்புச் சொல்லக்கூடும். நான் ஏற்கெனவே ஆசிரியர் கூட்டங்களில் கேட்டவைதான் இரண்டும்.

ஒன்று, "முன்னோர் சாதனையைச் சொல்லும் இடத்தில் ஏன் குறை தேட வேண்டும்?" வட ஐரோப்பியர் தங்கள் வைக்கிங் முன்னோரைப் பற்றி எழுதுவதைப் பாருங்கள். 870 வாக்கில் ஐஸ்லாந்தில் குடியேறியபோது அந்தக் கரையில் வால்ரஸ் என்ற, நீண்ட தந்தமுள்ள பெரிய கடல் விலங்குகளின் கூட்டம் இருந்தது. தந்தத்துக்கும் தோல் கயிற்றுக்கும் கொன்றார்கள், சில நூற்றாண்டுக்குள் அந்தத் தீவின் வால்ரஸ் இனமே முடிந்துபோனது. பழைய எலும்பிலும் கொம்பிலும் மரபணுவைப் படித்து 2019இல் அறிஞர்கள் இதை உறுதிசெய்தார்கள். பிறகு வேட்டை கிரீன்லாந்துக்குப் போனது. காலம் போகப்போக இன்னும் வடக்கே, இன்னும் சின்ன விலங்குகளை, பெண் விலங்குகளைக் கொல்ல வேண்டிவந்ததை ஐரோப்பியத் தேவாலயங்களிலும் நகரங்களிலும் கிடைத்த வால்ரஸ் எலும்புகளே காட்டிக் கொடுத்தன. இதைச் சொன்னதால் அந்த முன்னோரின் கடலோடும் திறமை யார் கண்ணிலும் குறைந்துவிடவில்லை. முன்னோரை மனிதராகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளைகளும் இராஜேந்திரனை மனிதனாகப் பார்க்கட்டும்.

இன்னொன்று, "பாடச்சுமை ஏற்கெனவே அதிகம்." சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் புதுப் பாடம் கேட்கவில்லை. ஏற்றுமதி, இறக்குமதி என்று இப்போது பட்டியல் போடுகிற இடத்தில் ஒரு வரைபடம் கொடுங்கள். கப்பல் வழியை மட்டும் அம்புக்குறி போட்டுக் காட்டாமல், கற்பூரத்துக்குப் பக்கத்தில் சுமத்ரா மழைக்காட்டையும், முத்துக்குப் பக்கத்தில் பாரையும், கஸ்தூரிக்குப் பக்கத்தில் இமயத்து மானையும், உருக்குக்குப் பக்கத்தில் கரிமூட்டத்தையும் வரைந்துவிடுங்கள். பாடத்தின் கடைசியில், "சோழர் கால ஏற்றுமதிப் பொருள்களைப் பட்டியலிடுக" என்ற கேள்விக்குப் பதிலாக, "இவற்றில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எங்கே, எப்படிக் கிடைத்தது, அதை எடுத்ததால் அந்த இடத்துக்கு என்ன ஆனது என்று எழுதுக" என்று ஒரு கேள்வி வையுங்கள். மதிப்பெண் ஐந்தே போதும். வருடத்துக்கு லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரமாவது யோசிப்பார்கள்.

அப்புறம், களப்பயணம் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி கொடுக்கிறீர்கள் அல்லவா, அதில் கொற்கையையும் பழையகாயலையும் சேருங்கள். கொற்கையில் மணல் மூடியபின் துறை காயலுக்கு நகர்ந்தது, காயலிலும் வண்டல் சேர்ந்தபின் தூத்துக்குடிக்கு வந்தது. இன்று இரண்டு ஊரும் கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கின்றன. கொற்கையில் நின்றுகொண்டு, "இங்கேதான் கப்பல் நின்றது" என்று சொன்னால் வெளியூர்ப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள், சுற்றிலும் வயலும் வாழையும்தான். ஒரு ஆறு கொண்டுவரும் மண் ஒரு பேரரசின் துறைமுகத்தை மூடிவிட முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடையாது.

குழுவில் இருக்கும் நீங்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எங்கள் பள்ளிக்கும் வாருங்கள். கற்பூர மரத்தைப் பற்றிக் கேட்ட அந்த மாணவி இப்போது அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். தன் தாத்தாவிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு, எந்தப் பாரில் எந்த வருடம் வரை சிப்பி இருந்தது, சங்கு எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள். இதுவரை 14 பக்கம் ஆகியிருக்கிறது. அந்த நோட்டை உங்களிடம் காட்ட அவளுக்கு ஆசை. எனக்கும்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை
தூத்துக்குடி மாவட்டம்